ஆதி உணவுக்கு மாறுகிறவர்களுக்கு: முதல் மூன்று மாதம்

என்னை இந்தப் பக்கம் தள்ளியது ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள். அப்போது வயது 41. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி 6.1 சதவீதம், அதாவது சர்க்கரை நோயின் வாசல். இடுப்புச் சுற்று 98 சென்டிமீட்டர். மதியம் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் கண் சொக்கும். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் விடியும்வரை தூக்கம் பிடிக்காது. ஆதி மனிதர்களைப் போலச் சாப்பிட்டால் எல்லாம் சரியாகும் என்று எங்கோ படித்ததை அப்படியே நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையிலிருந்த மாவு, சர்க்கரை, பயறு, பால் அத்தனையையும் பெட்டியில் கட்டி வெளியே அனுப்பினேன். மறுநாளிலிருந்து மாமிசம், முட்டை, கொட்டைகள், கொஞ்சம் கீரை. பதினோரு நாள் தாக்குப்பிடித்தேன். பன்னிரண்டாம் நாள் ராத்திரி, எல்லோரும் தூங்கிய பிறகு, அலுவலகப் பையில் கிடந்த ஒரு பாக்கெட் பிஸ்கட்டை நின்ற வாக்கிலேயே காலி செய்தேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி ஆரம்பித்தேன், இந்த முறை நிதானமாக. அது நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே இருப்பது அந்த இரண்டாவது தடவையின் வரிசை. நான் வழுக்கிய இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி: எந்த மூதாதையர்?

பேலியோ, ஆதி உணவு, மூதாதையர் உணவு என்று பல பெயரில் சொல்கிறார்கள். 1985இல் பாய்ட் ஈட்டன், மெல்வின் கானர் என்ற இருவர் ஒரு மருத்துவ இதழில் கற்கால உணவைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்தப் பேச்சு மருத்துவ உலகத்துக்குள் வந்தது. கற்காலத்தில் எல்லோரும் ஒரே தட்டில் ஒரே சாப்பாடு சாப்பிட்டதுபோலப் பலரும் பேசுகிறார்கள். அப்படி ஒரு சாப்பாடு இருந்ததே இல்லை.

பசிபிக்கின் கிட்டாவா தீவில் ஸ்டாஃபான் லிண்டபெரி என்ற ஸ்வீடன் மருத்துவர் ஆராய்ந்த மக்கள் கிழங்கு, பழம், தேங்காய், மீன் சாப்பிட்டார்கள். அவர்கள் உணவில் ஏறக்குறைய 70 சதவீதச் சக்தி மாவுச்சத்திலிருந்து வந்தது. பெரும்பாலானோர் புகைபிடித்தார்கள். அப்படியும் மாரடைப்பும் பக்கவாதமும் அங்கே தென்படவில்லை. ஆர்க்டிக்கின் இனூயிட் மக்களோ கடல் விலங்குகளின் கொழுப்பிலும் மாமிசத்திலும் வாழ்ந்தார்கள்; மாவுச்சத்து பெயருக்குத்தான். பொலிவியாவின் சிமானே மக்களுக்கு மாவுச்சத்து 70 சதவீதத்துக்கு மேல். அதுவரை அளவெடுத்த எந்த மக்களையும்விட அவர்களுடைய இதயக் குழாய்களில் கால்சியப் படிவு குறைவு என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. தான்சானியாவின் ஹட்சா மக்கள் சாப்பிடும் மொத்தச் சக்தியில் ஏறக்குறைய 15 சதவீதம் தேன்.

தேன் என்று படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நான் ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கு ஏங்கிக் கிடக்கிறேன், இவர்கள் தேனிலேயே வாழ்கிறார்களா? பிறகுதான் அந்தத் தேன் எப்படிக் கிடைக்கிறது என்று தேடினேன். தேன்காட்டிப் பறவையைப் பின்தொடர்ந்து போய், பருத்த பவோபாப் மரத்தில் முளைகளை அடித்து அடித்து ஏறி, புகை போட்டு, தேனீயிடம் கொட்டு வாங்கி எடுக்கிறார்கள். இனிப்பு இருந்தது. இனிப்புக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு மரம் இருந்தது.

என் கணக்கு அங்கேதான் மாறியது. இந்த மக்களின் சாப்பாட்டுப் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவே இல்லை. ஒத்துப்போவது அவர்களுக்கிருந்த தடைகள். சாப்பாடு நடந்தால்தான் கிடைக்கும். தோண்ட வேண்டும், உடைக்க வேண்டும், உரிக்க வேண்டும், சமைக்க வேண்டும். இருட்டினால் தீயைத் தவிர வெளிச்சம் கிடையாது. உட்கார நாற்காலி கிடையாது. குடிக்கப் பெரும்பாலும் தண்ணீர்தான். பட்டியலை நகல் எடுக்க நம்மால் முடியாது, தேவையுமில்லை. அந்தத் தடைகளில் சிலவற்றை வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவர முடியும். மூன்று மாதமும் செய்யப்போவது அதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் ஏமாற்றம் வராமலிருக்க. முன்னோர்களுக்கு நோயே இல்லை என்பது கதை. எகிப்து, பெரு, வட அமெரிக்கா, அலூஷியன் தீவுகள் என நான்கு இடங்களிலிருந்து 137 பழைய மம்மிகளை ஸ்கேன் செய்து பார்த்தபோது மூன்றில் ஒன்றில் ரத்தக்குழாய்த் தடிப்பின் அடையாளம் இருந்தது. அதில் வேட்டையாடி வாழ்ந்தவர்களும் உண்டு. மறுபக்கம், 'அவர்கள் முப்பது வயதிலேயே செத்துப்போனார்கள்' என்பதும் கதைதான். குழந்தைச் சாவு மிக அதிகம் என்பதால் சராசரி கீழே இறங்கியது. வேட்டையாடும் மக்களில் 45 வயதைத் தாண்டியவர் இன்னும் இருபது வருடம் போல வாழ்ந்தார் என்பது ஆய்வுகளின் கணக்கு.

படி 0: அளந்துவிட்டு இறங்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். நானும் குதித்தேன்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி, கொலஸ்ட்ரால் முழுப் பட்டியல், சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின், கல்லீரல், தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, யூரிக் அமிலம். இவ்வளவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றைத் தொப்புள் மட்டத்தில் அளந்து குறியுங்கள். எடையைவிட இடுப்புதான் உண்மை பேசும். ரத்த அழுத்தத்தைக் காலையில் மூன்று நாள் பார்த்துச் சராசரி எடுங்கள். ரத்தசோகை இருந்தால் எச்.பி.ஏ.1.சி தப்பான கணக்குக் காட்டும், அதையும் மனதில் வையுங்கள்.

கோதுமையை நிறுத்தும் எண்ணம் இருந்தால், அதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான (கோதுமையிலுள்ள புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். கோதுமையை விட்டு மாதக்கணக்கில் ஆனபின் எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும். பிறகு பரிசோதனைக்காகவே மறுபடி கோதுமை சாப்பிட வேண்டியிருக்கும்.

அடுத்து மாத்திரைகள். கீழே சொல்லும் ஆட்கள் மருத்துவரிடம் பேசாமல் ஒரு படிகூட இறங்கக் கூடாது.

இன்சுலினோ, க்ளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்: மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு மருந்தை அதே அளவில் விழுங்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போகும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போல 'க்ளிஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரை எடுப்பவர்: மாவுச்சத்தை அறவே குறைத்தாலோ பட்டினி கிடந்தாலோ, சர்க்கரை அளவு சுமாராக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. இது தெரியாமல் விரதத்தில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். பிரஷர் மாத்திரை எடுப்பவர்: பாக்கெட் சாப்பாடு போனால் உப்பும் போகும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்: கீரையின் அளவு திடீரென்று கூடினால் மருந்தின் வேலை மாறும். சிறுநீரகக் கோளாறு, யூரிக் அமிலம், கர்ப்பம், பாலூட்டும் காலம், குழந்தைகள்: எல்லாவற்றுக்கும் தனிக் கணக்கு. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி உடம்பையும் மனதையும் வருத்திக்கொண்ட பழைய அனுபவம் உள்ளவர்கள் உணவுப் பக்கமே வேண்டாம், நடையும் தூக்கமும் போதும்.

முதல் இரண்டு வாரம்: குடிப்பதை மட்டும் மாற்றுங்கள்

சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். குளிர்பானம், பழச்சாறு, சர்க்கரை போட்ட காபி, டீ, 'ஆரோக்கிய' பானப் பொடி, எல்லாம் இனிப்பு நீர். மென்று தின்னும் பழத்துக்கு வயிறு கணக்கு வைக்கிறது, குடித்த பழச்சாற்றுக்கு அவ்வளவாக வைப்பதில்லை. மூன்று ஆரஞ்சைக் குடிக்க அரை நிமிடம். உரித்துத் தின்ன உட்கார்ந்தால் ஒன்றோடு எழுந்துவிடுவோம். தோல்தான் தடை.

காபியையே விட வேண்டாம். சர்க்கரையை மூன்று நாளுக்கொருமுறை கால் ஸ்பூன் குறைத்தால் நாக்கு சண்டை போடாது. காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும், அதனால் மதியத்துக்குப் பிறகு வேண்டாம். தேன், வெல்லம், பேரீச்சம்பழப் பாகு என்று வேறு பெயரில் சர்க்கரையைக் கொண்டுவராதீர்கள். மரமேறி எடுத்தால் சாப்பிடுங்கள்.

மூன்றாம் வாரம்: பாக்கெட்டை வெளியே வையுங்கள்

2019இல் அமெரிக்காவில் கெவின் ஹால் என்பவர் 20 பேரை மருத்துவமனைக்குள்ளேயே தங்கவைத்துச் சோதித்தார். இரண்டு வாரம் முழுக்க ஆலையில் செய்த உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு. இரண்டிலும் வைத்த சாப்பாட்டில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஏறக்குறைய ஒரே அளவு. வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு சாப்பிட்ட நாட்களில் அவர்கள் தினமும் 500 கலோரி போலக் கூடுதலாக உள்ளே தள்ளினார்கள், இரண்டு வாரத்தில் எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. ஆலை உணவை வேகமாகவும் சாப்பிட்டார்கள். மெல்லத் தேவையில்லாதது வேகமாகத்தான் உள்ளே போகும்.

எது ஆலை உணவு என்று குழப்பமாக இருந்தால் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். வீட்டுச் சமையலறையில் இருக்கவே வாய்ப்பில்லாத பொருள் (நிறம், மணம், குழம்பாக்கி, மால்டோடெக்ஸ்ட்ரின்) இரண்டு மூன்று இருந்தால் அது ஆலையில் பிறந்தது. 'பேலியோ' என்று அச்சடித்த பிஸ்கட்டும் அதேதான். உறைய வைத்த காய், டப்பாவில் அடைத்த மீன், உலர்ந்த பயறு ஆகியவை பாக்கெட்டில் வந்தாலும் பரவாயில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கி எறியும் என் ஞாயிற்றுக்கிழமை வீரத்தைச் செய்யாதீர்கள். தீரத் தீர, திரும்ப வாங்காதீர்கள். அவ்வளவுதான். கொறிக்க ஆசை வந்தால் ஓட்டோடு உள்ள கொட்டைகள் வாங்கி ஒரு கிண்ணத்தில், பக்கத்தில் உடைப்பானோடு வையுங்கள். உரித்து வறுத்த பாதாமை நான் ஒரு படம் பார்த்து முடிப்பதற்குள் கால் கிலோ தின்பேன். ஓட்டோடு இருந்தால் பத்துப் பன்னிரண்டில் கை சலித்துவிடும்.

இந்த வாரத்தில் தலைவலி, சோர்வு, எரிச்சல் வரலாம். தண்ணீரும் சாப்பாட்டில் கொஞ்சம் உப்பும் பெரும்பாலும் சரிசெய்துவிடும். உப்பு வாங்கும்போது அயோடின் சேர்த்ததா என்று பாருங்கள். நான் முதல் தடவை 'இயற்கை' என்று நம்பிப் பாறை உப்புக்கு மாறினேன், கடல் மீனும் சாப்பிடவில்லை. அயோடினுக்கு வேறு வழியே வைக்காமல் இருந்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

நான்கு முதல் ஆறாம் வாரம்: தட்டு

இப்போதுதான் சாப்பாட்டுக்கு வருகிறோம். வேளைக்கு ஒரு உள்ளங்கை அகல, தடிமனுக்குப் புரதம். மீன், மாமிசம், கோழி என்றால் 100 முதல் 120 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம்தான் புரதம், ஆக ஒரு முட்டையைச் சாப்பிட்டுவிட்டுப் புரதம் ஆயிற்று என்று எண்ணாதீர்கள். அப்புறம் இரண்டு கைப்பிடி காய், கீரை. ஒரு கைப்பிடி கிழங்கோ முழுத் தானியமோ பயறோ. உடல் உழைப்பு அதிகம் உள்ளவர் இதைக் கூட்டலாம், சர்க்கரை நோயுள்ளவர் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்த்து அளவை முடிவு செய்யலாம். சமைக்கும் எண்ணெய் போக, கொட்டையோ மீனோ முட்டையோ தரும் கொழுப்பே பெரும்பாலும் போதும்.

மாவுச்சத்தைப் பகையாக்கும் ஆட்கள் இந்த உலகத்தில் நிறைய. கிட்டாவாவையும் சிமானேயையும் பார்த்த பிறகு எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. கிழங்கைத் தோலோடு வேகவைத்து ஆறவிட்டுச் சாப்பிடுவதும், அதையே மாவாக்கிப் பொரித்து உறையில் அடைப்பதும் ஒன்றல்ல. ஆனால் எனக்கு ஏற்கெனவே 6.1 இருந்ததால் முதல் மூன்று மாதம் கிழங்கையும் தானியத்தையும் மதியத்தோடு நிறுத்திக்கொண்டேன். மருந்து எதுவும் எடுக்காத, உடம்பு சரியாக இருக்கும் ஒருவருக்கு அந்தக் கட்டுப்பாடுகூடத் தேவையில்லை.

நார்ச்சத்தை மெதுவாக ஏற்றுங்கள். ஹட்சா மக்கள் ஒரு நாளைக்கு 100 கிராம் நார்ச்சத்துகூடச் சாப்பிடுகிறார்கள் என்று படித்துவிட்டு நான் ஒரே வாரத்தில் பறந்தேன். வயிறு உப்பி, வீட்டில் யாரும் என் பக்கத்தில் உட்காரத் தயாராக இல்லை. 25, 30 கிராம் போதும், அதையும் மூன்று வாரத்தில் எட்டினால் சரி.

முழுக்கத் தாவர உணவு சாப்பிடுபவர் பயறை விடவே கூடாது. பி12 தாவரங்களில் கிடையாது, மாத்திரையாகவோ பி12 சேர்த்த உணவாகவோ எடுத்தாக வேண்டும்.

தானியம், பயறு, பால்: மூன்று சண்டைகள்

ஆதி உணவுக்காரர்கள் கூடினால் இந்த மூன்றைப் பற்றித்தான் அடித்துக்கொள்வார்கள். என் பார்வையில் இங்கே முன்னோர்களிடமிருந்து கற்க வேண்டியது விலக்குவதை அல்ல, பக்குவப்படுத்துவதை.

தானியம் விவசாயத்தோடு வந்தது, அதனால் நம் உடம்புக்கு ஆகாது என்பார்கள். ஜோர்டானில் ஷுபைக்கா என்ற இடத்தில் 14,400 வருடத்துக்கு முந்தைய அடுப்பில் கருகிய ரொட்டித் துணுக்குகள் கிடைத்திருக்கின்றன. விவசாயம் தொடங்க இன்னும் 4,000 வருடம் போல இருந்த காலம் அது. காட்டுத் தானியத்தைப் பொறுக்கி, இடித்து, சுட்டுத் தின்றிருக்கிறார்கள். அந்த ஒரு ரொட்டிக்குப் பின்னால் எத்தனை மணி நேர வேலை என்று யோசித்தால் தினமும் மூன்று வேளை தின்றிருக்க மாட்டார்கள் என்பதும் புரியும்.

பக்குவம் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சோளத்தின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நடு அமெரிக்க மக்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத்தான் அரைத்தார்கள். அப்படிச் செய்யும்போது அதில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற பி3 வைட்டமின் விடுபடுகிறது. ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துப் போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளை பெல்லாக்ரா பிடித்தது. தோல் உரிந்து, வயிறு போய், புத்தி கலங்கிச் செத்தார்கள். இதே கதை பின்னர் அமெரிக்காவின் தென்பகுதியிலும் நடந்தது.

ஆகவே பயறு சாப்பிடலாம், ஊறவைத்து. சிவப்புக் கிட்னி பீன்ஸில் உள்ள லெக்டின் என்ற புரதம் கடுமையான வாந்தி பேதியைக் கொடுக்கும். ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். மெல்லிய சூட்டில் வேகவைக்கும் மின்பானையில் அந்தச் சூடு வராது, வேகாத பயறைவிட அரைவேக்காடு இன்னும் மோசம். முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் இரும்பு, துத்தநாகச் சத்து உடம்பில் சேர உதவும்.

பால் விஷயம் உங்கள் வயிற்றைப் பொறுத்தது. உலகப் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் சரியாகச் செரிக்காது. இரண்டு வாரம் பாலை நிறுத்துங்கள், பிறகு ஒரு நாள் ஒரு டம்ளர் குடித்துப் பாருங்கள். வயிறே சொல்லும். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிரும் பழுத்த சீஸும் ஒத்துக்கொள்ளும். காய்ச்சாத பாலைக் குடிப்பது 'ஆதி வழி' என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். புருசெல்லா, லிஸ்டீரியா கிருமிகளும் ஆதி காலத்தவைதான். பச்சை மாமிசமும் அதே கதை. ஈரல் நல்ல சாப்பாடு, ஆனால் வாரம் ஒரு முறை, சிறிய அளவு. அதிலுள்ள வைட்டமின் ஏ மிதமிஞ்சினால் நச்சு, கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

ஏழாம், எட்டாம் வாரம்: இருட்டு

சாப்பாட்டைவிட எனக்கு அதிகம் உதவியது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். விளக்கு வந்த பிறகு நம் நாளுக்கு முடிவே இல்லாமல் போய்விட்டது.

2015இல் ஹட்சா, நமீபியாவின் சான், சிமானே ஆகிய மூன்று மக்களின் தூக்கத்தைக் கையில் கருவி கட்டி அளந்தார்கள். நான் எதிர்பார்த்தது ஒன்பது பத்து மணி நேரம். வந்ததோ 5.7 முதல் 7.1 மணி நேரம். சூரியன் மறைந்ததும் படுக்கவும் இல்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்துவிட்டுப் படுத்தார்கள். ஆனால் தூக்கமின்மை அவர்களிடையே மிக அரிது. பெரும்பாலும் விடிவதற்கு முன் எழுந்தார்கள், காலையில் வெளி வெளிச்சத்தில் இருந்தார்கள்.

எட்டு மணிக்கே படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த என் பழைய முயற்சி வீண் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. செய்ய வேண்டியது இவ்வளவு: எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் இருபது நிமிடம் வெளியே. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள்; வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ். மேகம் மூடிய காலையில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே கடைசிச் சாப்பாடு. அதற்கப்புறம் சமையலறை விளக்கை அணையுங்கள், இருண்ட சமையலறைக்குள் யாரும் அவ்வளவு எளிதில் போவதில்லை. போனை வேறு அறையில் சார்ஜுக்குப் போடுங்கள். படுக்கும் அறை சற்றுக் குளிர்ச்சியாக இருக்கட்டும். எழும் நேரம் ஞாயிற்றுக்கிழமையும் அதேதான்.

இதோடு விரதம் வேண்டுமா என்று கேட்பார்கள். இரவுச் சாப்பாடு முடித்து மறுநாள் காலைவரை பன்னிரண்டு மணி நேரம் தானாகவே வந்துவிடும். அதற்கு மேல் போவது உங்கள் விருப்பம், அவசியம் இல்லை.

மூன்று மணி முழிப்பு எனக்கு இந்த வாரங்களில் குறைய ஆரம்பித்தது. காபியை மதியத்தோடு நிறுத்தியதா, சீக்கிரம் சாப்பிட்டதா, எது காரணம் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்பதாம் வாரத்திலிருந்து: உடம்பை அசைப்பது

ஹட்சா மக்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்போம். ஒரு நாளில் ஏறக்குறைய பத்து மணி நேரம் அவர்களும் சும்மாதான் இருக்கிறார்கள். குந்தியோ முட்டி போட்டோ இருப்பதால் கால் தசைகள் அப்போதும் கொஞ்சம் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. நாற்காலி அதை முழுதாக அணைத்துவிடுகிறது. இன்னொரு ஆச்சரியம், ஹெர்மன் பான்ட்சர் குழு 2012இல் அளந்தபோது, உடல் அளவைக் கணக்கில் எடுத்தால் அவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் மொத்தச் சக்தி நகரத்தில் வாழ்பவர்களுடையதை ஒட்டியே இருந்தது. நடந்தே தொப்பையைக் கரைத்துவிடலாம் என்ற நினைப்பை நான் அதோடு விட்டேன். நடை சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு, தூக்கத்துக்கு, மூட்டுக்கு. தொப்பைக்குத் தட்டு.

சாப்பிட்டவுடன் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். சர்க்கரை ஏறும் வேகம் குறைவதை மீட்டரிலேயே பார்க்கலாம். டிவி பார்க்கும்போது தரையில் உட்காருங்கள், எழும்போது கையை ஊன்றாமல் எழப் பழகுங்கள். குந்த வராவிட்டால் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடத்தில் ஆரம்பியுங்கள். மூட்டு வலி உள்ளவர் இதைத் தள்ளிவைக்கலாம். வாரம் இரண்டு நாள் கனமான ஏதாவது ஒன்றைத் தூக்கிச் சுமந்து நடங்கள். இதற்கு மேல் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெறுங்கால் ஓட்டத்தில் மட்டும் எடுத்த எடுப்பில் இறங்காதீர்கள். எனக்குக் குதிகால் வலி போக ஐந்து மாதம் ஆனது.

வீட்டு மனிதர்கள்

முன்னோர்கள் யாரும் தனித்தட்டில் தனிச்சாப்பாடு சாப்பிட்டதில்லை. முதல் தடவை என் தோல்விக்குப் பாதிக் காரணம் அதுதான். நான் மேசையில் உட்கார்ந்து மற்றவர் தட்டைக் குற்றப்பார்வை பார்த்தேன். இரண்டாவது தடவை எல்லோருக்குமான சமையலில் காயையும் புரதத்தையும் கூட்டி, என் தட்டில் மட்டும் மாவுச்சத்தைக் குறைத்துக்கொண்டேன். யாருக்கும் தனியாக எதையும் அறிவிக்கவில்லை. மூன்றாவது வாரத்தில் என் மகள்தான் கேட்டாள், "அப்பா, நீங்க ஏன் இப்போ ஜூஸ் குடிக்கறதில்லை?" அதுவரை யாருக்கும் தெரியாது.

வெளியே விருந்து என்றால் சாப்பிடுங்கள். அடுத்த வேளை பழைய தட்டு. மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்ட வேண்டாம், அந்தப் பழக்கம்தான் என்னைப் பிஸ்கட்டிடம் கொண்டுபோய் விட்டது.

பன்னிரண்டாம் வாரம்: மறுபடி அளங்கள்

எச்.பி.ஏ.1.சி மூன்று மாதக் கணக்கு என்பதால் அதற்கு முன் எடுப்பதில் பயனில்லை. எடுத்த எல்லாவற்றையும் மறுபடி எடுங்கள், முக்கியமாக 'கெட்ட' கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். மாவுச்சத்தைக் குறைத்து வெண்ணெயும் கொழுப்பு மாமிசமும் கூட்டும் சிலருக்கு அது சட்டென்று ஏறும். 'ஆதி உணவு சாப்பிடுபவருக்கு எல்.டி.எல். ஏறினால் பரவாயில்லை' என்று ஆறுதல் சொல்ல ஆட்கள் தயாராக இருப்பார்கள். நம்பாதீர்கள்.

எனக்கு இடுப்பு 92 ஆனது. எச்.பி.ஏ.1.சி 5.6. ட்ரைகிளிசரைடு 210இலிருந்து 124. எல்.டி.எல். மட்டும் 118இலிருந்து 171. தாளைப் பார்த்ததும் பழைய நான் மறுபடி எட்டிப் பார்த்தேன்: மூன்று எண் நன்றாகத்தானே வந்திருக்கிறது, நான்காவதை மறந்துவிடலாமே என்று. மருத்துவர் மறக்கவிடவில்லை. வெண்ணெயைப் பெரும்பாலும் நிறுத்தினோம், மாமிசத்தில் பாதி மீனாக மாறியது, பயறு தினமும் தட்டுக்குத் திரும்பியது. அடுத்த மூன்று மாதத்தில் 126. அப்படிக் குறையாவிட்டால் மாத்திரை ஆரம்பிப்பது என்று அவரோடு முன்பே பேசி வைத்திருந்தேன்.

உங்கள் தாளில் எந்த எண் பிடிவாதம் பிடிக்கிறதோ அதற்கேற்ற ஒரே ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு, மறுபடி மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். என் தூக்கக் கதைபோல.